ஜாடி அசல்... சித்திரம் போலி! பிரெஞ்சு பீங்கான் மோசடியைக் காட்டிக் கொடுத்த குமாஸ்தா கணக்கு

பிரான்சு தேசத்துப் பழைய பீங்கான் ஜாடி ஒன்று ஏலத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பெல்லாம் நீல நிறம். நடுவில் ஒரு காதல் ஜோடியின் படம். சுற்றிலும் தகதகவென்று தங்க வேலை. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ராஜா முத்திரை. 'எல்' என்ற இரண்டு எழுத்துகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு நிற்கும். நடுவே 'எச்' என்று ஒரு எழுத்து.

"1760-ம் வருஷத்துச் சரக்கு. பதினைந்தாம் லூயி ராஜா காலம்" என்று அடித்துச் சொல்வார் வியாபாரி.

வாங்க வந்தவர் என்ன செய்வார்? முத்திரையைப் புத்தகத்தில் உள்ள படத்தோடு ஒத்துப் பார்ப்பார். அச்சு அசலாக இருக்கும். பணத்தை எண்ணி வைத்துவிடுவார்.

அங்கேதான் பலர் கோட்டை விட்டிருக்கிறார்கள்! ஜாடியில் சுலபமாகப் போலி செய்யக்கூடிய இடமே அந்த முத்திரைதான். கொஞ்சம் நீல வர்ணம், ஒரு தூரிகை, ஒரு சின்னச் சூளை. இவ்வளவு இருந்தால் போதும்.

சுமார் இருநூறு வருஷமாக இந்த மோசடி நடக்கிறது. கோடீஸ்வரர்கள் ஏமாந்தார்கள். ராஜா வீட்டுக்கே போலி போனது. இதைப் பிடிக்க இன்று எக்ஸ்ரே கருவிகள் வந்துவிட்டன. ஆனால் அவற்றுக்கு முன்பே ஒரு சாட்சி தயாராக இருந்தது. அது, தொழிற்சாலைக் குமாஸ்தாக்கள் எழுதி வைத்த கணக்குப் புத்தகம்!

முதலாளி யார் தெரியுமா?

பாரிஸ் பக்கத்தில் வான்சென் என்ற ஊர். அங்கே ஒரு பழைய அரண்மனையில் 1740-ல் பீங்கான் வேலை தொடங்கியது. 1756-ல் பாரிசின் இன்னொரு பக்கமாக உள்ள செவ்ர் என்ற ஊருக்குத் தொழிற்சாலை இடம் மாறியது. அதிலிருந்து 'செவ்ர் பீங்கான்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

1759-ல் பதினைந்தாம் லூயி ராஜா தொழிற்சாலையை மொத்தமாக வாங்கிவிட்டார். ராஜாவின் ஆசைநாயகி பொம்பதூர் சீமாட்டிக்கு அந்தப் பீங்கான் மேல் உயிர். சீமாட்டியின் மாளிகையும் செவ்ருக்குப் பக்கத்திலேயே இருந்தது.

ராஜா சும்மா இருக்கவில்லை. வருஷக் கடைசியில் வெர்சேல்ஸ் அரண்மனையில் தம் சொந்த அறைகளிலேயே பீங்கான்களைப் பரப்பி விற்க வைத்தார். ராஜாவே கடை விரித்தால் பிரபுக்கள் வாங்காமல் நழுவ முடியுமா?

போட்டிக் கம்பெனிகளுக்குக் கட்டுப்பாடு வேறு. தங்க முலாம் பூசக்கூடாது, பல வர்ணச் சித்திரம் போடக்கூடாது என்று ராஜ உத்தரவு!

வெள்ளை மண் இல்லாத பீங்கான்

அசல் பீங்கானுக்கு 'கயோலின்' என்ற வெள்ளைக் களிமண் வேண்டும். சீனாக்காரர்களிடம் அது இருந்தது. ஜெர்மனியில் மைசென் என்ற ஊரில் 1710 முதல் அதை வைத்துத் தொழில் நடந்தது. பிரான்சில் அந்த மண் அப்போது அகப்படவில்லை.

என்ன செய்தார்கள்? கண்ணாடி செய்யும் சரக்கை உருக்கிப் பொடித்து, வேறு மண்ணோடு கலந்து பிசைந்தார்கள். இதற்கு 'மென் பீங்கான்' என்று பெயர். பிசைவதும் கஷ்டம், வனைவதும் கஷ்டம். சூளையில் கோணிப்போவது ஏராளம்.

ஆனால் இதில் ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. இதன் மேல்பூச்சு இளகிய ரகம். வர்ணம் அதற்குள் மெல்ல இறங்கி உட்கார்ந்துவிடும். தடவிப் பார்த்தால் வழுவழுவென்றிருக்கும். அந்த அழகு வேறு பீங்கானில் வராது.

1768 வாக்கில் லிமோஜ் நகரத்துக்குப் பக்கத்தில் வெள்ளை மண் கிடைத்தது. ஒரு வைத்தியரின் மனைவி துணி வெளுக்க எடுத்து வந்த மண்ணால்தான் குட்டு வெளிப்பட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். அதன் பிறகு செவ்ரில் கெட்டிப் பீங்கானும் வந்தது. ஆனாலும் பழைய மென் பீங்கானுக்குத்தான் சேகரிப்பாளர்களிடம் கிராக்கி. போலி ஆசாமிகள் குறிவைத்ததும் அதைத்தான்.

நிறத்துக்கும் பிறந்த நாள் உண்டு

ஒரு ஜாடி ஒரே நெருப்பில் முடிந்துவிடாது. முதலில் மண்ணைச் சுட வேண்டும். மேல்பூச்சு பூசி மறுபடி சுட வேண்டும். அடிநிறம் ஏற்றி மறுபடி சூளை. சித்திரம் எழுதி மறுபடி சூளை. கடைசியில் தங்கம். அதையும் சுட்டு, கல்லால் தேய்த்து மெருகேற்ற வேண்டும். எந்தச் சூட்டில் கெட்டாலும் அதுவரை பட்ட பாடு வீண்!

வர்ணக் கலவைகளை உருவாக்கியவர் எலோ என்ற ரசாயன நிபுணர். வானத்து நீலம் 1753-ல் வந்தது. இளஞ்சிவப்பு 1757 வாக்கில் வந்தது. இந்த வருஷங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் துப்பறிய உதவும்.

தங்கம் பூசும் ரகசியத்தை 1748-ல் ஒரு கிறிஸ்தவத் துறவியிடமிருந்து விலை கொடுத்து வாங்கினார்கள்.

வேலை பிரித்துத்தான் நடக்கும். பூ எழுதுகிறவர் பூ மட்டும் எழுதுவார். பறவைக்கு வேறு ஆள். மனித உருவத்துக்கு வேறு ஆள். ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாளக் குறி உண்டு. மனித உருவம் எழுதுவதில் கில்லாடியான தொதேன் என்பவரின் குறி 'கே'.

தங்க வேலைக்காரர் ஒருவரின் பெயர் வேன்சான். பிரெஞ்சில் 'வேன்' என்றால் இருபது, 'சான்' என்றால் நூறு. இருபது நூறு எவ்வளவு? ஆசாமி தம் குறியாக '2000' என்று போட்டுக்கொண்டார்! இன்றும் ஜாடிகளின் அடியில் அந்த எண்ணைக் காணலாம். விஷயம் தெரியாதவர்கள் விலை என்று நினைத்துக்கொள்வார்கள்.

முத்திரைக்கு நடுவே உள்ள எழுத்துதான் வருஷம். 1753-க்கு 'ஏ'. 1754-க்கு 'பி'. இப்படியே 1760-க்கு 'எச்'. ஆங்கில எழுத்து வரிசை தீர்ந்ததும் 1778-ல் 'ஏஏ' என்று இரட்டை எழுத்து தொடங்கியது.

பிரிந்துபோன ஐந்து ஜாடிகள்

பொம்பதூர் சீமாட்டி பாரிஸ் மாளிகையில் தம் படுக்கையறைக்கு 1760 வாக்கில் ஐந்து ஜாடிகள் கொண்ட ஒரு செட் வாங்கினார். இளஞ்சிவப்பும் பச்சையும் கலந்த நிறம். தொதேன் எழுதிய சீனத்து மனிதர்கள் படம்.

நடு ஜாடி கப்பல் வடிவம். மூடிதான் பாய்மரம். மூடியில் துளைகள் இருக்கும். உள்ளே வாசனைப் பூக்களை உலர்த்திப் போட்டால் அறை முழுவதும் மணக்கும். உலகத்தில் இந்தக் கப்பல் ஜாடி வகையில் சுமார் பத்துதான் இன்று மிச்சம். மற்ற நான்கில் ஒரு ஜோடிக்கு யானைத் தலைகள். துதிக்கையே மெழுகுவத்தி ஏற்றும் இடம்!

1764-ல் சீமாட்டி இறந்தார். வீட்டுச் சாமான்களை ஒன்று விடாமல் பட்டியல் எடுத்தார்கள். அந்தப் பட்டியலில் இந்த ஐந்து ஜாடிகளும் சேர்ந்து பதிவாகியிருந்தன.

அப்புறம் செட் சிதறியது. கப்பல் ஜாடி இப்போது பாரிஸ் லூவர் மியூசியத்தில். ஒரு ஜோடி அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் கெட்டி மியூசியத்தில். யானைத் தலை ஜோடி பால்டிமோர் நகரத்து வால்ட்டர்ஸ் மியூசியத்தில். கண்டம் விட்டுக் கண்டம் போன ஐந்தும் ஒரே குடும்பம் என்று நிரூபிக்க உதவியது அந்தப் பழைய பட்டியல்தான்.

படுக்கையறை இருந்த மாளிகை? அதுதான் இன்றைய பிரெஞ்சு ஜனாதிபதி மாளிகை!

அரண்மனைச் சாமான் ஏலம்

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1793 ஜனவரியில் பதினாறாம் லூயி ராஜாவின் தலை உருண்டது. அதே ஆகஸ்டு 25-ந் தேதி வெர்சேல்ஸ் அரண்மனைச் சாமான்களை ஏலம் விடத் தொடங்கினார்கள். ஏலம் ஒரு வருஷம் நடந்தது. 17,000-க்கும் மேற்பட்ட லாட்டுகள்!

இங்கிலாந்துப் பணக்காரர்களுக்கு யோகம் அடித்தது. பின்னால் நான்காம் ஜார்ஜ் என்று மகுடம் சூட்டிய இளவரசர் அள்ளிக் குவித்தார். பாரிசில் அவருக்காகச் செவ்ர் பீங்கான் வாங்கி அனுப்பியவர் பெனுவா. உத்தியோகம் என்ன தெரியுமா? இளவரசரின் மிட்டாய்ப் பலகாரக்காரர்!

அப்படிச் சேர்ந்த சரக்கு இன்றும் பிரிட்டிஷ் அரச குடும்பச் சேகரிப்பில் இருக்கிறது. உலகத்தின் தலைசிறந்த செவ்ர் சேகரிப்புகளில் அது ஒன்று.

கிராக்கி ஏறிவிட்டது. சரக்கோ கொஞ்சம். மோசடிக்கு இதைவிட நல்ல காலம் ஏது?

வெள்ளை ஜாடி வியாபாரம்

1800-ல் செவ்ர் தொழிற்சாலைக்குப் ப்ரோன்யார் என்ற விஞ்ஞானி தலைவரானார். 47 வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார். தொழிற்சாலையிலோ பணக் கஷ்டம். கிடங்கில் சித்திரம் எழுதாத பழைய வெள்ளைப் பீங்கான் மலையாகக் குவிந்து கிடந்தது. 1804-ல் மென் பீங்கான் தயாரிப்பை நிறுத்தினார். வெள்ளைச் சரக்கை விற்றுத் தள்ளினார்.

வாங்கியவர்கள் பாரிசிலும் லண்டனிலும் இருந்த வியாபாரிகள். கூலிக்கு ஓவியர்களைப் பிடித்தார்கள். பழைய பாணியில் காதல் ஜோடியும் பூங்கொத்தும் எழுத வைத்தார்கள். அடியில் ராஜா முத்திரை. 'எச்' எழுத்து. தீர்ந்தது காரியம்!

சிலர் இதையும் தாண்டினார்கள். சின்னச் சின்னப் பூ மட்டும் போட்ட மலிவான அசல் சாமானை வாங்குவார்கள். பூவைத் திராவகம் விட்டு அழிப்பார்கள். அந்த இடத்தில் விலை உயர்ந்த நீலமோ இளஞ்சிவப்போ ஏற்றிப் புதுச் சித்திரம் எழுதுவார்கள்.

யோசித்துப் பாருங்கள். மண் 1760-ம் வருஷத்து மண். முத்திரையும் அன்று போட்ட அசல் முத்திரை. சித்திரம் மட்டும் நேற்று எழுதியது! முத்திரையை மட்டும் நம்பினவர் தப்பவே முடியாது.

1816-ல் பதினெட்டாம் லூயி ராஜாவுக்கே ஒரு தேநீர் செட் போய்ச் சேர்ந்தது. "தங்கள் பாட்டனார் பதினைந்தாம் லூயி வைத்திருந்தது" என்று சொன்னார்கள். செவ்ருக்கு அனுப்பிச் சோதித்தால்... டூப்!

பச்சை நிறம் பேசியது

வர்ணத்திலேயே அகப்பட்ட திருட்டும் உண்டு.

1797-ல் வோக்ளே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 'குரோமியம்' என்ற உலோகத்தைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து ஒரு நல்ல பச்சை வர்ணம் கிடைத்தது. 1800-க்குப் பிறகு பீங்கானில் அது நடமாடத் தொடங்கியது. அதற்கு முன்பு பச்சைக்குத் தாமிரம்தான்.

இன்று ஜாடியைச் சுரண்டாமல், உடைக்காமல் எக்ஸ்ரே கருவியால் வர்ணத்தைச் சோதிக்கிறார்கள். 1760 என்று முத்திரை போட்ட ஜாடியின் இலைப் பச்சையில் குரோமியம் இருந்தால் கதை கந்தல்! 1760-ல் இருந்த ஓவியருக்கு 1797-ல் கண்டுபிடித்த சரக்கு எப்படிக் கிடைத்தது?

நிறத்தின் பிறந்த நாளும் இப்படித்தான் மாட்டிவிடும். வருஷ எழுத்து 'ஏ' (1753). அடிநிறம் இளஞ்சிவப்பு. அந்த நிறமோ 1757 வாக்கில்தான் வந்தது. யாரோ அவசரத்தில் தப்பான எழுத்தைப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

குமாஸ்தா எழுதியது நிற்கும்

இனி நம் கதாநாயகருக்கு வருவோம்.

செவ்ர் தொழிற்சாலையில் எல்லாவற்றுக்கும் பேரேடு இருந்தது. சூளையில் எது எது நுழைந்தது என்று ஒரு கணக்கு. எந்த ஓவியர் எந்தச் சாமானுக்கு வேலை செய்தார், கூடுதல் வேலைக்கு எவ்வளவு கூலி என்று ஒரு கணக்கு. யாருக்கு எவ்வளவுக்கு விற்றது என்று ஒரு கணக்கு. எழுதியவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். அவர்கள் காரியம் அன்றன்றைய கணக்கை முடிப்பது மட்டும்தான்.

புரட்சி வந்தது. ராஜாக்கள் போனார்கள். நெப்போலியன் வந்து போனார். உலக யுத்தங்கள் வந்து போயின. அந்தப் பேரேடுகளில் பெரும்பகுதி பத்திரமாகப் பிழைத்துக் கிடக்கிறது.

இன்று ஒரு ஜாடி சந்தைக்கு வந்தால் ஆராய்ச்சிக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? குறி 'கே' என்றால் தொதேன் கணக்கைப் புரட்டுகிறார்கள். அந்த வருஷம் அந்த மாதிரி ஜாடியில் அவர் வேலை செய்தாரா? அது சூளைக்குப் போனதா? யார் வாங்கினார்கள்? வாங்கியவர் வீட்டுப் பட்டியலில் இருக்கிறதா? அதற்குப் பின்னால் எந்த ஏலத்தில் கை மாறியது?

நாம் வீடு வாங்கும்போது தாய்ப் பத்திரம் கேட்கிறோமே, வில்லங்கச் சர்ட்டிபிகேட் போட்டுப் பார்க்கிறோமே, அதே வேலைதான்! கை மாறிய வரலாறு இடையில் அறுபடாமல் வந்தால் ஜாடிக்கு மதிப்பு. அறுந்தால் சந்தேகம்.

இதிலும் சிக்கல் உண்டு. "நீல ஜாடி ஒன்று, இவ்வளவு லீவர்" என்று ஒற்றை வரியில் முடித்த பதிவுகள் ஏராளம். ரொக்கத்துக்கு விற்றால் வாங்கியவர் பெயரையே எழுதாத இடங்களும் உண்டு. அதனால் எல்லா ஜாடிக்கும் பத்திரம் கிடைப்பதில்லை. கிடைத்த ஜாடிக்கு விலை எகிறுவதற்குக் காரணமும் அதுதான்.

புதுச்சேரியிலிருந்து போன தூதர்கள்

இந்தச் செவ்ர் பீங்கானுக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு.

மைசூர் திப்பு சுல்தான் பிரெஞ்சு ராஜாவின் உதவி கேட்டு மூன்று தூதர்களை அனுப்பினார். 1787-ல் அவர்கள் கப்பல் ஏறிய இடம் புதுச்சேரி. 1788-ல் பிரான்சில் இறங்கி, ஆகஸ்டில் வெர்சேல்ஸ் அரண்மனையில் பதினாறாம் லூயியைப் பார்த்தார்கள். பாரிஸ் ஜனங்கள் வேடிக்கை பார்க்க முண்டியடித்தார்கள்.

தூதர்களைச் செவ்ர் தொழிற்சாலைக்கும் அழைத்துப் போனார்கள். ராஜா பீங்கான் பரிசும் தந்தார். திப்பு கேட்ட படை உதவி மட்டும் வரவில்லை! அடுத்த வருஷமே பிரான்சில் புரட்சி. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு போரில் விழுந்தார்.

பழைய சாமான் வாங்குவோர் கவனத்துக்கு

வீட்டு அலமாரியில் பிரெஞ்சு ஜாடி வைத்திருப்போரும், பழைய சாமான் கடையில் ஆசைப்படுவோரும் சில விஷயங்களைக் கவனிக்கலாம்.

ஜாடியில் 'பிரான்ஸ்' என்று ஆங்கிலத்தில் இருந்தால் ராஜா காலம் என்று நம்ப வேண்டாம். அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்ற சட்டம் வந்த பிறகு, 1891-லிருந்து பரவிய வழக்கம் அது.

படத்துக்குள்ளேயே ஓவியர் கையெழுத்து இருந்தால் அநேகமாக 19-ம் நூற்றாண்டுச் சரக்கு. பழைய செவ்ர் ஓவியர்கள் குறியை அடியில்தான் போட்டார்கள்.

வெண்கலப் பிடி வைத்த பெரிய நீல ஜாடி, நடுவே ராணி முகம் அல்லது நெப்போலியன் முகம் என்றால் உஷார். 'செவ்ர் பாணி' என்ற பெயரில் 19-ம் நூற்றாண்டில் இவை வண்டி வண்டியாக வந்தன. பாரிசில் 1845-ல் தொடங்கிய சாம்சன் கம்பெனிக்குப் பழைய பீங்கான்களின் நகல் செய்வதே தொழில். செய்தபோது நகல். நாலு கை மாறியதும் சிலர் வாயில் அசல் ஆகிவிட்டது!

'லிமோஜ்' என்று இருந்தால் அது ஊர்ப் பெயர். அந்த ஊரில் பல கம்பெனிகள். ஊர்ப் பெயரை மட்டும் வைத்து விலை சொல்ல முடியாது.

பளபளப்பில் கறுப்புப் புள்ளிகளோ கொப்பளமோ தெரிந்தால், பழைய பீங்கானை மறுபடி சூளையில் ஏற்றியிருக்கலாம்.

நகல் ஜாடி வைத்திருப்பவர்கள் தூக்கிப் போட வேண்டாம். நல்ல நகலுக்கும் நூற்றைம்பது வயது ஆகிவிட்டது. அழகாக இருந்தால் அலமாரியில் இருக்கட்டும். ராஜா விலை கொடுத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

செவ்ர் தொழிற்சாலை இன்றும் பிரெஞ்சு அரசின் கையில் நடக்கிறது. இன்றைக்கும் பீங்கான் செய்கிறார்கள், விற்கிறார்கள்.

கடைகளில் பில் புத்தகமும், ஆபீசுகளில் ரிஜிஸ்டரும் எழுதிக் கை சலித்தவர்கள் இதை மனதில் வைக்கலாம். ஜாடி வனைந்தவர் பெயர் தெரிகிறது, வாங்கிய சீமாட்டி பெயர் தெரிகிறது என்றால், அன்றைக்கு ஒரு குமாஸ்தா வீட்டுக்குக் கிளம்பும் முன் அந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் போனதால்தான்!